ஐந்து பாட்டில் தண்ணீர்

ஒரு வகுப்பில் ஐந்து பிள்ளைகள் பரீட்சை எழுதி, ஐந்து பேருக்கும் ஒரே மார்க் வந்தால் வாத்தியார் என்ன நினைப்பார்? ஒருவன் எழுதியதை மற்ற நால்வரும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். பரிசோதனைக்கூடத்து அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி நூலகத்தின் வெளிப்படியில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

பாலத்தடி, முலாம் பட்டறைகளின் குழாய்வாய், பள்ளிக்கூடத்தின் பின்சுவர், துவைக்கும் கல், கடைசி மதகு. கால்வாயின் ஐந்து இடங்களில் முழங்கால் சேற்றில் நின்று அவளே பிடித்த தண்ணீர். ஐந்தும் ஐந்து விதமாக நாறியது இன்னும் மூக்கிலேயே இருக்கிறது. அறிக்கையிலோ ஐந்துக்கும் ஏறக்குறைய ஒரே எண்கள். ஈயம் இல்லை. குரோமியம் இல்லை. நிக்கல் இல்லை. கரைந்த உப்புகூடப் பேருக்குத்தான் இருந்தது. அடியில் ஒரு வரி: குடிக்க ஏற்றது.

"குடிக்க ஏற்றதா?" என்று பக்கத்தில் இருந்த தோழி வாய்விட்டுச் சிரித்தாள். ஒரு செய்தி அவள் காதில் விழுந்தால் கல்லூரி முழுக்க ஒலிபரப்பாகிவிடும் என்பதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். "அப்போ நாளையிலிருந்து கேன்டீனுக்குக் கால்வாயிலிருந்தே குழாய் போட்டுடலாம்."

அவள் சிரிக்கவில்லை. கல்லூரியில் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கால்வாய். முதலாண்டில் கேலியாக வைத்தது. பிறகு அதுவே மரியாதையாகிவிட்டது. கால்வாயைச் சுத்தம் செய்யவும், அதன் கரையோரத் தெருவில் இருக்கும் குழந்தைகளுக்குச் சனிக்கிழமைதோறும் பாடம் சொல்லித்தரவும் ஒரு சேவைக்குழுவை அவள்தான் ஆரம்பித்தாள். அதற்காகத்தான் ஓர் அறக்கட்டளை ஆயிரம் விண்ணப்பங்களில் அவளுடையதைப் பொறுக்கி எடுத்து, பட்டப்படிப்பு முடியும்வரை முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டிருந்தது. அந்த உதவித்தொகை இல்லாவிட்டால் அவளுக்குப் பகல் கல்லூரி இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று பேர் கொண்ட குழு கூப்பிட்டு, என்ன படித்தாய், ஊருக்கு என்ன செய்தாய் என்று கேட்கும். இந்த ஆண்டு அந்த நாள் வர இன்னும் இரண்டே வாரம்.

ஊருக்கு அவள் செய்ய நினைத்தது இதுதான். கரையோரத் தெருவில் யார் கையைப் பார்த்தாலும் புண். தையல்கார அக்காவின் ஆறு வயது மகள் பென்சில் பிடிக்க முடியாமல் விரலை மடக்கி வைத்துக்கொண்டு எழுதுவாள். பட்டறைக் கழிவுதான் கிணறுகளில் இறங்குகிறது என்று எல்லோருக்கும் தெரியும். நகர அலுவலகத்துப் பொறியாளர் மட்டும், "எல்லாருக்கும் தெரியும்ங்கறது ஆதாரம் இல்லம்மா, லேப் ரிப்போர்ட் கொண்டா, பட்டறைக்குப் பூட்டு நானே போடறேன்" என்று சொல்லியிருந்தார். கொண்டுவர வேண்டிய ரிப்போர்ட்தான் இப்போது அவள் மடியில், குடிக்க ஏற்றது என்று இளித்துக்கொண்டிருந்தது.

கைப்பேசி அடித்தது. திரையில் 'சோடாபுட்டி'.

பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்யும் இளைஞன் அவன். கண்ணாடி அவ்வளவு தடிமன். முதல் நாள் அவள் அப்படி ஒரு பெயரில் அவன் எண்ணைச் சேமித்ததை அவனே எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லைங்க, ஸ்கூல்ல இதைவிட மோசமா கூப்பிட்டிருக்காங்க" என்று சொன்னான். வேலை முடிந்தபிறகு தனியாக இருந்து சேவைக்குழுவின் மாதிரிகளைச் சோதித்துத் தருவதாக ஒப்புக்கொண்டவன். பேருந்து நிறுத்தத்தில் மூன்று முறை அவளுடன் நின்றிருக்கிறான். மூன்று முறையும் அவன் போகவேண்டிய பேருந்தை விட்டுவிட்டு நின்றிருக்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருப்பதில் ஒரு சுகம் இருந்தது.

இப்போது அந்தப் பெயரைப் பார்த்ததும் ஆத்திரம்தான் வந்தது. ஏனென்றால், மூன்றாவது முறை பேருந்துக்கு நின்றபோது அவனே சொல்லியிருந்தான்: "எங்க சித்தப்பா அந்தப் பட்டறை ஒண்ணுலதாங்க மேஸ்திரி. வீட்டுக்குத் தெரியாமதான் உங்களுக்கு இதைச் செய்யறேன்."

அவள் அழைப்பைத் துண்டித்தாள். மறுபடி அடித்தது. துண்டித்தாள். மூன்றாவது முறை அடித்தபோது அந்த எண்ணையே தடுத்துவிட்டாள்.

"நம்ம தண்ணியைக் கொட்டிட்டு, வடிகட்டின தண்ணியை ஊத்தி டெஸ்ட் பண்ணியிருக்கான்" என்றாள்.

"சித்தப்பாவுக்காகவா?" என்றாள் ரேடியோ, கண்கள் விரிய.

"வேற யாருக்காக?"

நடந்ததைப் பொறுத்தவரை அவள் சொன்னது முழுக்கச் சரி. ஆளைப் பொறுத்தவரைதான் தப்பு.

*

ஞாயிற்றுக்கிழமை சமூகக்கூடத்தில் கூட்டம். நாற்காலி போதாமல் ஜன்னலில்கூட ஆட்கள். அவள் ஒலிபெருக்கியின் முன் நின்று அறிக்கையை வாசித்தாள். ஐந்து எண்களையும் ஒவ்வொன்றாக. பிறகு கேட்டாள்: "இந்தத் தண்ணி நம்ம கால்வாய்த் தண்ணியா? இல்ல. இது யாருக்கோ விலைபோன தண்ணி." கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ஆளின் அடையாளத்தையும் சொன்னாள், சித்தப்பாவையும் சொன்னாள். பேருந்து நிறுத்தத்தில் நம்பிச் சொன்ன ஒரு வாக்கியத்தை ஒலிபெருக்கியில் சொல்கிறோம் என்று அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை. நியாயம் பேசும்போது வரும் போதை கள்ளை விடப் பொல்லாதது. குடித்தவன் தள்ளாடுவான், இதில் இன்னும் நிமிர்ந்து நிற்கத் தோன்றும்.

யாரோ அதைக் கைப்பேசியில் படம் பிடித்தார்கள். சாயந்திரத்துக்குள் நகரம் முழுக்கச் சுற்றியது. மறுநாள் காலை பரிசோதனைக்கூடத்தின் வாசலில் நாலு பேர் நின்று கத்தினார்கள். மத்தியானம் சோடாபுட்டிக்கு வேலை போய்விட்டது.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது அம்மா துணிக்கடையிலிருந்து அப்போதுதான் வந்து, நின்று நின்று வீங்கிய காலை ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தாள். அப்பா சமையல்கட்டில் குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குக் குடிதண்ணீர் பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில் வேலை. நிரப்பிய பாட்டில்கள் வெள்ளை விளக்குப் பலகைக்கு முன்னால் வரிசையாக நகரும். ஒரு தூசி, ஒரு கலங்கல் கண்ணில் பட்டாலும் எடுத்துவிட வேண்டும். இருபத்தைந்து வருஷமாக ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் அந்த வெளிச்சத்தைப் பார்த்துப் பார்த்து, வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாலும் தூக்கி விளக்கில் காட்டிவிட்டுத்தான் குடிப்பார். "உங்கப்பன் என்னைப் பெண் பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் வெளிச்சத்துல நிக்க வெச்சுப் பார்த்தாரு" என்று அம்மா சொல்வாள்.

"அம்மா, ஜெயிச்சுட்டோம்" என்றாள் அவள், பையை வீசிவிட்டு. "அவனைத் தூக்கிட்டாங்க."

"யாரை? வீட்டுக்கு வந்து பாட்டிலை வாங்கிட்டுப் போனானே, அந்தப் பையனையா?" அம்மா காலைக் கீழே இறக்கினாள். "பாவம்டி. டீ குடுத்தப்போ டம்ளரைக் கழுவி வெச்சுட்டுப் போனான். அவனா இப்படி?"

"டம்ளர் கழுவறவன்லாம் யோக்கியன்னா உலகத்துல திருடனே இல்லம்மா."

சமையல்கட்டில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. அப்பா கையைத் துடைக்காமலே வாசற்படியில் வந்து நின்றார்.

"பாப்பா, எந்தப் பாட்டில்?"

"என்னப்பா, ஊரே பேசுது. கால்வாய்த் தண்ணி. நீங்கதானே புதுப் பாட்டில் அஞ்சு கொண்டாந்து குடுத்தீங்க."

"சேவைக்குழுவுக்குன்னு கேட்டே."

"ஆமா. அதுலதான் சாம்பிள் பிடிச்சேன். கருப்புக் கவர்ல சுத்தி ஃப்ரிட்ஜ்ல வெச்சேன். அடுத்த நாள் எனக்குத் தேர்வு இருந்தது, அதான் அவனே வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போனான். ஏன்?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஈரக்கை இரண்டும் தொடையில் நீர்த்தடம் பதித்தன.

"மூடியில ஒண்ணு, ரெண்டுன்னு நம்பர் போட்டிருந்தியே" என்றார்.

"ஆமா."

"நம்பர் மாறாமதான் மூடினேன், பாப்பா."

அவளுக்கு முதலில் புரியவில்லை. அம்மாவுக்குத்தான் முதலில் புரிந்தது. "அடக் கடவுளே" என்று தலையில் கைவைத்தாள்.

அவள் பாட்டில்களை வைத்துவிட்டு வெளியே போயிருந்த அன்று, காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்தவர், சாப்பிடுவதற்காக ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறார். கருப்புக் கவருக்குள் அவர் தொழிற்சாலையின் பாட்டில்கள். பிரித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறார். ஐந்தும் கலங்கல், நாற்றம் வேறு. போன மாதம்தான் கலங்கிய ஒரே ஒரு பாட்டில் வெளியே போய், பக்கத்துப் பலகையில் இருந்தவருக்கு வேலை போனது. தான் கொண்டுவந்து கொடுத்ததில் ஏதோ அழுக்கு இருந்து, மகளும் தோழிகளும் அதைக் குடிக்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டார். சேவைக்குழுவில் ஐந்து பேர். மூடியில் ஐந்து எண். ஆளுக்கொன்று.

"மூணு தடவை அலசினேன். உள்ள விரல் போகாதே, துணியைக் குச்சியில சுத்தித் தேய்ச்சேன். வீட்டு கேன்ல இருந்த நல்ல தண்ணியை ஊத்தி, கழுத்துவரைக்கும் நிரப்பி, பழையபடி அதே கவர்ல சுத்தி வெச்சு..." அவர் குரல் இறங்கியது. "நீ களைச்சுப்போய் வருவியே, நல்லதா ஒரு வாய் தண்ணி குடிக்கட்டுமேன்னு."

பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள்.

அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. தேர்வு நாளன்று, மணி அடித்து எல்லோரும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டிருந்தான். "ஏங்க, பாட்டில் கிடைச்சுது. ஆனா தண்ணி ரொம்பத் தெளிவா இருக்கே? இதுதானா?" அவள் நடந்துகொண்டே சொன்ன பதில்: "விஷத்துக்கெல்லாம் நிறம் இருக்காதுங்க. அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்ககிட்ட குடுத்தோம்?" சொல்லிவிட்டுத் தன் சமத்காரத்தை நினைத்துச் சிரித்தபடியே தேர்வு எழுதப் போனாள்.

அவன் கேட்டான். அவள்தான் கேட்கவில்லை.

*

"வாயை மூடிக்கிட்டு இரு" என்றாள் அம்மா, மறுநாள் காலை, முடியைச் சீவிக்கொண்டே. "நான் கெட்டவதான், ஒத்துக்கறேன். ஆனா அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை அறக்கட்டளையில உன்னைக் கூப்பிட்டிருக்காங்க. அங்கே போய், ஊரைக் கூட்டி நான் ஒரு பையன் மேல சேத்தை வாரி அடிச்சேன், அவன் செய்யலைன்னு சொல்லுவியா? மாலை போட்டு அனுப்புவாங்களா உன்னை?"

"அவன் வேலை போச்சும்மா."

"அவனுக்கு இன்னொரு வேலை கிடைக்கும். உனக்கு இன்னொரு படிப்பு யாரு குடுப்பா? உங்கப்பாவா? அவருக்குப் பாட்டில்தான் கழுவத் தெரியும்."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் விரல் ஒரு கணம் நின்றது. அம்மாவுக்கே வலித்திருக்க வேண்டும். சீப்பை வைத்துவிட்டு வந்து, கடைசிப் பொத்தானை அவளே போட்டுவிட்டாள். பிறகு அவர் தோளில் இல்லாத தூசியைத் தட்டினாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவர்களுக்குள் மன்னிப்புக் கேட்கும் முறை அதுதான்.

"நீ என்ன செய்யணும்னு நினைக்கிறியோ, செய் பாப்பா" என்றார் அப்பா. "என் பேரைச் சொல்லு. நான் என்ன, ஓட்டுக் கேக்கவா போறேன்?"

அவள் அன்று கல்லூரிக்குப் போகவில்லை. நேராகப் பரிசோதனைக்கூடத்துக்குப் போனாள்.

அதன் உரிமையாளரை எல்லோரும் லேப் மேடம் என்பார்கள். கண்ணாடிக்கதவில் யாரோ வீசிய தக்காளியின் காய்ந்த விதைகளை அவரே ஈரத்துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் துணியைக் கீழே போடாமல், "இன்னும் என்ன பாக்கி?" என்று கேட்டார்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவையும், கருப்புக் கவரையும், தேர்வு நாள் அழைப்பையும். லேப் மேடம் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. அவள் முடித்தபிறகுதான் திரும்பினார்.

"ரிசல்ட்டைப் பார்த்த உடனே அவன் என்கிட்ட வந்தான். மேடம், சாம்பிள்ல ஏதோ தப்பு இருக்கு, இது கால்வாய்த் தண்ணி கிடையாது, மறுபடி எடுக்கச் சொல்லணும்னான். ரிப்போர்ட் அதுக்குள்ள உன் கைக்கு வந்துடுச்சு, கூப்பிட்டுச் சொல்லுன்னேன். மூணு தடவை கூப்பிட்டான். நீ எடுக்கல."

அவள் தலை குனிந்து நின்றாள்.

"அப்புறம் நீ மைக்ல கத்தினே. நான் அவனை நிக்க வெச்சுக் கேட்டேன்: தண்ணி மாறினது இங்கேயா, அந்தப் பொண்ணு வீட்டுலயா? வீட்டுலன்னு அவன் சொல்லியிருந்தா, அடுத்த நிமிஷம் உன் காலேஜுக்கும் உனக்கு ஸ்காலர்ஷிப் குடுக்கறவங்களுக்கும் எழுதியிருப்பேன், இந்தப் பொண்ணு போலி சாம்பிள் குடுத்துட்டு எங்களைத் திட்டுதுன்னு. அது அவனுக்குத் தெரியும். என்ன சொன்னான் தெரியுமா? 'தெரியல மேடம்'னான். லேப்ல வேலை பார்க்கறவன் தெரியலன்னு சொன்னா, அவனை வெச்சுக்கிட்டு நான் கடை நடத்த முடியுமா?"

"அவரைத் திரும்பக் கூப்பிடுவீங்களா மேடம்?"

"கூப்பிட்டேன்னு வெச்சுக்கோ. வாசல்ல நின்னு கத்தின நாலு பேரும் நாளைக்கு வந்து சாரின்னு கத்துவாங்களா?" துணியை வாளியில் பிழிந்தார். "அவன் அவங்க அக்கா ஊருக்குப் போயிட்டான். சித்தப்பா வேற, பட்டறைக்குத் துரோகம் பண்ணினியான்னு வீட்டுல குதிச்சாராம். பட்டறைக்காரங்க பார்வையில அவன் உங்க ஆள். உங்க பார்வையில அவன் பட்டறை ஆள். பாவம், எந்தக் கரையிலயும் அவனுக்கு இடமில்ல."

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. மூன்று நாள் விடாமல் கொட்டியது. நான்காம் நாள் அவளும் ரேடியோவும் புதிய பாட்டில்களோடு கால்வாய்க்குப் போனபோது, தண்ணீர் இரண்டு ஆள் உயரத்துக்குப் பழுப்பாகச் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக் குழாய்வாயைச் சிமெண்ட் வைத்து அடைத்திருந்தார்கள். கூட்டம் நடந்த மறுநாளே அடைத்துவிட்டதாகக் கரையில் நின்ற ஒருவர் சொன்னார். மழைக்காலம் முடிந்ததும் உடைத்துக்கொள்வார்களாம். இப்போது பிடித்தால் சோதனையில் இந்தத் தண்ணீரும் ஏறக்குறைய நல்ல தண்ணீராகத்தான் வரும்.

"சனியன், நல்லாக் கழுவிட்டுப் போகுது பாரு" என்றாள் ரேடியோ. எப்போதும் எதையாவது சேர்த்துச் சொல்பவள், அன்று அதோடு நிறுத்திக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை அறக்கட்டளை அலுவலகத்தில் நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அவர்கள் அந்தக் கூட்டத்துப் படத்தைப் பார்த்திருந்தார்கள். நடுவில் இருந்த தலைவி, நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியவர், பாராட்டிலேயே ஆரம்பித்தார்: "உன் வயசுல எனக்கு இந்தத் தைரியம் கிடையாதும்மா."

அங்கேயே புன்னகைத்து நன்றி சொல்லியிருக்கலாம். கைக்கு எட்டியது வாய்க்கு எட்ட ஒரு நிமிஷம்தான் பாக்கி. அம்மா வாசலில் நின்று வழியனுப்பியபோது ஒன்றுமே சொல்லாமல், துப்பட்டாவை மட்டும் சரிசெய்துவிட்டது நினைவுக்கு வந்தது.

"அது தைரியம் இல்ல மேடம், அவசரம்" என்றாள். பிறகு சொன்னாள். சொல்லச் சொல்ல, மேசைக்கு அந்தப் பக்கத்து மூன்று முகங்களும் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு சாத்துவதைப் பார்த்தாள்.

நேர்மையைப் பாராட்டினார்கள். உண்மையாகவே பாராட்டினார்கள், தலைவி எழுந்துவந்து கையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அடுத்த வாரம் வந்த கடிதத்தில், சரிபார்க்காமல் ஒரு தனிமனிதர்மீது பொதுவெளியில் குற்றம் சாட்டியதால் இந்த ஆண்டுக்கான உதவித்தொகை நிறுத்தப்படுகிறது, அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது.

அம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். திட்டுவாள் என்று மகள் எதிர்பார்த்தாள். அம்மா திட்டவில்லை. "எங்க கடையில பில் போட ஆள் கேக்கறாங்க" என்றாள். "சாயந்திரக் காலேஜ்ல சேர்ந்துக்கோ. காலுக்கு நல்ல செருப்பா வாங்கிக்கணும். நிக்கற வேலை." இரண்டு நாள் கழித்து, மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்துக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல, "நான் சொன்னதைக் கேட்டிருந்தா இப்போ படிச்சுக்கிட்டிருப்பே. ஆனா வாயை மூடச் சொன்ன என் முகத்தை நீ ஏறிட்டுப் பார்த்திருக்க மாட்டே" என்றாள்.

*

ஒன்று பாக்கி இருந்தது. எந்த ஒலிபெருக்கியில் அவன் பெயரைக் கெடுத்தாளோ, அதே இடத்தில் நின்று அதைத் திரும்ப எடுக்கவேண்டும். ரேடியோ ஊரெல்லாம் செய்தி அனுப்பினாள், வீடுவீடாகச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை சமூகக்கூடத்தில் வந்து உட்கார்ந்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். ஒருவர் அடுத்து நடக்கவிருந்த இசைப் போட்டிக்காக முன்கூட்டியே இடம் பிடித்திருந்தார். கடைசி வரிசையில், தொழிற்சாலைச் சீருடையோடு, அப்பா.

ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"அந்த லேப்ல வேலை செஞ்சவர் எந்தத் தப்பும் செய்யல" என்றாள். "பாட்டில்ல இருந்த தண்ணி அவர் கைக்குப் போறதுக்கு முன்னாடியே மாறிடுச்சு. அது என் கவனக்குறைவு. அவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் காது குடுக்கல."

"எப்படி மாறுச்சு? தானா மாறுமா தண்ணி?" என்றார் மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவர், பொழுதுபோக்காக.

"என் கவனக்குறைவுதாங்க."

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. "பாப்பா பொய் சொல்லுது" என்றார் அப்பா. எழுந்து நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாததால் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார். "நான்தான் மாத்தினேன். குடிக்கிற தண்ணின்னு நினைச்சேன். அந்தத் தம்பி மேல ஒரு தப்பும் இல்ல. நாலு பேருக்குச் சொல்லுங்க." உட்காரப் போனவர், ஏதோ விட்டுப்போனதுபோல மறுபடி நிமிர்ந்து, "சொல்லுங்க, தயவுசெஞ்சு" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. யாரும் படம் பிடிக்கவும் இல்லை.

தையல்கார அக்கா முன்வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அக்கா எழுந்துவரும்வரை அவளுடைய முகத்தைப் பார்க்க இவளுக்குத் தைரியம் வரவில்லை.

"அந்தப் பையன் கதை இருக்கட்டும்" என்றாள் அக்கா. கோபம்கூட இல்லாத, வற்றிய குரல். "இனிமே நீ எந்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோனாலும், எந்தப் பாட்டில்மா இதுன்னு அந்த எஞ்சினியர் சிரிப்பானே. அதுக்கு என்ன செய்யப் போறே?"

"திரும்ப எடுக்கணும்கா. மழை நின்னதும், குழாயைத் திறந்ததும். என் பேர்ல வேண்டாம். உங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போய், எல்லார் முன்னாடியும் மூடி, சீல் வெச்சு..."

"எவ்வளவு நாளாகும்?"

"நாலு மாசம். அஞ்சு மாசம் ஆகலாம்."

அக்கா மகளின் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். "இவளுக்கும் அதுவரைக்கும் பொறுத்துக்கோன்னு நீயே சொல்லிடு" என்றாள். குழந்தையோ, டீச்சரைப் பார்த்த சந்தோஷத்தில், அடுத்த சனிக்கிழமை கதை சொல்வாயா என்று கேட்டது. சனிக்கிழமைதான் துணிக்கடையில் கூட்டம் அதிகம். அவள், "பார்க்கலாம்டா கண்ணு" என்றாள்.

வீட்டுக்கு நடந்தார்கள். அப்பா குடையை முழுக்க அவள் பக்கம் சாய்த்துப் பிடித்ததில் அவருடைய இடது தோள் நனைந்துகொண்டிருந்தது. பாலத்தின் முனைக்கு வந்ததும் அவள் நின்றாள்.

"அப்பா, ஒரு ஃபோன் பண்ணணும்."

"பண்ணு." அவர் குடையை அவள் கையில் கொடுத்துவிட்டு, நாலு கடை தள்ளிப் போய், மூடிய கடையின் கூரைக்கடியில் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

தடுத்து வைத்திருந்த எண்ணைத் திறந்தாள். நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் வண்டிச் சத்தம், யாரோ சரக்கு இறக்கச் சொல்லிக் கத்தும் சத்தம்.

"நான்தான்" என்றாள்.

"தெரியுதுங்க."

மனப்பாடம் செய்து வைத்திருந்தது எல்லாம் ஓடிப்போயிற்று. அப்பா பாட்டிலைக் கழுவியதைச் சொன்னாள், கூட்டத்தைச் சொன்னாள், பதினொரு பேர் என்பதையும் மறைக்காமல் சொன்னாள்.

அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். பிறகு, "உங்கப்பாகிட்ட கோவிச்சுக்காதீங்க. நல்லா நிரப்பியிருந்தார். ஒரு காத்துக்குமிழிகூட இல்ல. யாரோ தொழில் தெரிஞ்சவங்க கைன்னு அப்பவே நினைச்சேன்" என்றான்.

அவளுக்கு அழுகை வந்தது. "ஏன் மேடம்கிட்ட சொல்லல? எங்க வீட்டுலதான் மாறியிருக்கும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"சொல்லியிருந்தா உங்க படிப்புப் போயிருக்கும்."

"இப்பவும் போயிடுச்சு."

"அப்படியா?" என்றான். அந்த ஒரு சொல்லில் இருந்த வருத்தம் கலப்படமில்லாதது. அதுதான் தாங்க முடியவில்லை. "சித்தப்பா விஷயத்தை மட்டும் நீங்க சொல்லியிருக்க வேண்டாங்க. மத்தது எல்லாம் கோவத்துல வரும். அது கோவத்துல வராது. யோசிச்சு எடுத்துத்தான் சொல்லணும்."

"திரும்பி வாங்க. மேடம்கிட்ட நான் மறுபடி பேசறேன். மழை நின்னதும் சாம்பிள் எடுக்கணும். நீங்க கூட இருந்தா..."

"வேற நல்ல லேபாப் பாருங்க. பாட்டிலை அவங்களையே கொண்டுவரச் சொல்லுங்க. எடுக்கறப்போ ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும். பனிக்கட்டியில வெச்சு அன்னிக்கே குடுத்துடுங்க, வீட்டுல வைக்காதீங்க." அவன் குரல் வேலை சொல்லும் குரலாக ஆகியிருந்தது. "எழுதிக்கறீங்களா?"

"ம்."

அவள் எழுதவில்லை. எழுத ஒன்றும் கையில் இல்லை. அவனும் அதைத் தெரிந்துகொண்டவன்போல, ஒவ்வொன்றையும் இன்னொரு முறை, இன்னும் மெதுவாகச் சொன்னான். சொல்லி முடிந்ததும் பின்னால் யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"லாரி வந்துடுச்சு. வைக்கட்டுங்களா?"

வைக்காதே என்று சொல்ல அவளுக்கு எந்த உரிமையும் மிச்சமில்லை. "வைங்க" என்றாள்.